ஆறாம் நாள், காலை பத்தேகால்

செப்டெம்பர் 9. இரவு 8.30. கப்பல் புறப்பட்டது. மழை.
செப்டெம்பர் 11. காலை 7.40. மின்னஞ்சல் ஒன்று அனுப்பப்பட்டது.
செப்டெம்பர் 12. காலை. ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்தோம். வெயில். வெப்பநிலை 9 பாகை.
செப்டெம்பர் 14. காலை 10.15. பயணத்தின் ஆறாம் நாள். சிறு துறைமுகம். தரிப்பு 30 நிமிடங்கள்.
10.45. கப்பல் புறப்பட்டது.
10.46. சந்திக்க வேண்டியவர் துறைமேடைக்கு வந்தார்.
பிற்பகல் 2.30. அடுத்த துறைமுகம். தரிப்பு 15 நிமிடங்கள். சந்திப்பு நடைபெற்றது. கலண்டர் கையளிக்கப்பட்டது.
2.45. கப்பல் புறப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நோர்வே நாட்டின் கரையோரமாக வடக்கே செல்லும் ஒரு கப்பலில் இருந்துகொண்டு என் சட்டைப்பைக் குறிப்பேட்டில் நான் எழுதியவை இவை. நான் நீர்ப்பாசனப் பொறியியலாளனாக முதலில் இலங்கையிலும் பின்னர் கனடாவிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதி வைப்பது தொழில் தந்த பழக்கம். மேலேயுள்ள நேரங்களில் ஒன்றுகூடப் பிழையில்லை. ஆனால் பதினொராம் திகதி அந்த மின்னஞ்சலை யாருக்கு, எதற்காக அனுப்பினேன் என்று நான் எழுதவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை காலத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் நகரிலுள்ள எங்கள் வீட்டின் சமையலறை மேசையில் இந்தக் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பயணம் என் மனைவியின் விருப்பம். அவருக்குப் பள்ளிக்கூட விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழி ஒருவர் உண்டு. தோழி திருமணமாகி நோர்வேயின் வடமுனைக்குப் போனார். கணவரோடு மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். கணவர் காலமாகி, மகளும் படிக்கத் தெற்கே போன பின்னும் அந்தச் சிறு ஊரிலேயே தங்கிவிட்டார். நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தோம். இடையில் எல்லாத் தொடர்பும் அறுந்துபோயிற்று. நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து, ஸ்காபரோவில் ஒரு மரணவீட்டில் யாரோ ஒருவர் தோழியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதி மனைவியிடம் கொடுத்தார். அன்று மாலை இருவரும் இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். பெரும்பகுதி சிரிப்புத்தான் என்று மற்ற அறையிலிருந்த எனக்குக் கேட்டது.

அந்த ஊருக்கு நாள்தோறும் ஒரு கரையோரக் கப்பல் வந்துபோகும் என்று தோழி சொல்லியிருந்தார். சரக்கும் ஏற்றும், பயணிகளையும் ஏற்றும் கப்பல். தரிப்பு அரை மணித்தியாலம். தோழியின் வீடு துறைமேடையிலிருந்து மூன்று நிமிட நடை. வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பக் கப்பலேற நேரம் போதும் என்று இருவரும் தொலைபேசியிலேயே கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். மனைவிக்கு அப்போது புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு சுற்று முடிந்திருந்தது. அடுத்த சுற்றுக்கு ஆறு கிழமைகள் இடைவெளி. அந்த இடைவெளியில் போய்வரலாம் என்று வைத்தியர் சொன்னார். இன்னொரு இடைவெளி கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

பெட்டி அடுக்கும்போது சேலைகளுக்கு மேலே ஒரு கலண்டரைச் சுருட்டி வைத்தார். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் தை மாதத்தில் இலவசமாகத் தருவது. மாதத்துக்கு ஒரு தாள். திதி, விரதம், நல்லநேரம் எல்லாம் இருக்கும்.

"செப்டெம்பர் மாசத்தில ஆர் கலண்டர் கொண்டுபோறது? நாலு தாள்தான் மிச்சம்," என்றேன்.

"கேதாரகௌரி, கந்தசஷ்டி, திருவெம்பாவை எல்லாம் உந்த நாலு தாளுக்குள்ளதான் வருது. முடிஞ்ச மாசத்தை வைச்சு அவள் என்ன செய்யப்போறாள்?"

அந்த ஊரில் விரத நாள் பார்க்க வழியில்லை என்று தோழி சொல்லியிருந்தாராம். பிறகு, பெட்டியை மூடியபடியே, "எந்தத் திகதி வாறம் எண்டு அவளுக்கு நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கோ. திகதி, நேரமெல்லாம் எஞ்சினியரிட்ட. நான் எழுதினால் அவள் வேற கப்பலுக்குப் போய் நிப்பாள்," என்றார்.

அன்றிரவே எழுதினேன். கப்பலின் அட்டவணையில் அந்தத் துறைமுகம் ஆறாம் நாளுக்கு நேரே இருந்தது. மனைவியிடம், "ஆறாம் நாள் காலமை" என்றேன். தோழிக்கு, செப்டெம்பர் 15, காலை 10.15 என்று எழுதினேன்.

என் தொழிலில் மழையை ஒவ்வொரு நாளும் காலையில்தான் அளப்பார்கள். மாலையிலும் இரவிலும் பெய்த மழை மறுநாள் காலை அளக்கப்பட்டு, மறுநாளின் கணக்கிலேயே எழுதப்படும். ஒன்பதாம் திகதி இரவு புறப்படும் கப்பலுக்குப் பத்தாம் திகதியே முதல் நாள் என்று என் கை தானாக எண்ணிவிட்டது. அட்டவணையை அச்சிட்டவர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. அவர்களுக்கு ஒன்பதாம் திகதியே முதல் நாள்.

பயணத்தின் முதல் நாட்கள் மிக நல்லவை. மலைகளைப் பிளந்துகொண்டு கடல் நீண்ட ஒடுங்கிய வழியாக உள்நாட்டுக்குள் புகும் இடங்களை ஃபியோர்ட் என்கிறார்கள். கப்பல் அவற்றுக்குள் நுழையும்போது இயந்திரத்தின் சத்தம் பாறைகளில் பட்டுத் திரும்பி வரும். மனைவி மேல்தட்டில் இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு அருவிகளை எண்ணினார். ஒன்றை இரண்டு முறை எண்ணிவிட்டீர் என்று நான் திருத்தினேன். "வளைஞ்சு வந்து திருப்பி விழுந்தால் அது வேற அருவிதான்," என்றார். சாப்பாட்டு மண்டபத்தில் கைப்பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்து, அவித்த மீனின் மேல் மிளகாய்த்தூளைத் தூவுவார். பக்கத்து மேசையில் இருந்த ஜெர்மானியத் தம்பதியர் இரண்டாம் நாள் அந்தப் போத்தலைக் கேட்டு வாங்கினார்கள். அதன்பின் அது இரண்டு மேசைகளுக்கும் பொதுவாயிற்று. ஊர்களுக்குப் பெயர் வைப்பதும் அவருக்கு ஒரு விளையாட்டு. மஞ்சள் வீட்டு ஊர், நாய் நின்ற ஊர், ஒருவரும் இறங்காத ஊர். அந்தப் பெயர்கள் இன்னும் எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன. உண்மையான பெயர்களை மறந்துவிட்டேன்.

பதினொராம் திகதி காலை, அறைக் கதவின் கீழால் அன்றைய நிகழ்ச்சித் தாளைத் தள்ளிவிட்டுப் போனார்கள். தலைப்பில் 'மூன்றாம் நாள்' என்றிருந்தது. என் கணக்கில் அது இரண்டாம் நாள். ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. மனைவி குளியலறையில் இருந்தார். நான் தொலைபேசியை எடுத்து, பதினைந்து அல்ல, பதினான்கு என்று ஒரு திருத்த மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் வெளியே வந்தபோது, மழை விட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அன்று பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வாசித்திருப்பார், பதில் எழுத நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோழி தந்த மின்னஞ்சல் முகவரி தெற்கே படிக்கும் மகளுடையது என்பதும், மகளுக்கு அப்போது பரீட்சை என்பதும், திருத்தத்தை அவர் பிந்தித்தான் பார்த்தார் என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தன.

பதின்மூன்றாம் திகதி மாலை மனைவி கைப்பையைத் திறந்து, தோழியின் இலக்கம் எழுதிய கடதாசியை வெளியே எடுத்தார்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு எண்டு ஒருக்கா எடுத்து ஞாபகப்படுத்துவமே?"

"தேவையில்லை. நான் விவரமா எழுதியிருக்கிறன்," என்றேன்.

அவர் கடதாசியை மடித்து மீண்டும் உள்ளே வைத்தார்.

திகதியைப் பிழையாக எண்ணியது ஒரு தவறு. அது யாருக்கும் நேரலாம். அந்த மாலையில் நான் சொன்ன வார்த்தைகளை அந்தக் கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை. அவர் தொலைபேசியில் பேசியிருந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் பதினைந்து என்ற என் பிழையும் அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் திருமண வாழ்க்கையில் என் கணக்குப் பிழைத்து அவர் கண்டதில்லை. அதைக் காணவிட நான் விரும்பவில்லை.

பதினான்காம் திகதி காலை அவர் பச்சைச் சேலை உடுத்து, அதன்மேல் குளிர் அங்கியை அணிந்துகொண்டார். ஒன்பதரைக்கே இறங்குபடியின் அருகில் கலண்டரோடு நின்றார். பத்தேகாலுக்குக் கப்பல் கட்டப்பட்டது. துறைமேடையில் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேரும் சரக்கு இறக்குபவர்கள்.

நாங்கள் இறங்கினோம். ஐந்து நிமிடம் போயிற்று. மனைவி கடதாசியை என்னிடம் நீட்டினார். மூன்று முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைநேரத்தில் தொழிற்சாலையில் எல்லாருடைய தொலைபேசியும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் என்று தோழி முன்பே சொல்லியிருந்ததை மனைவிதான் நினைவூட்டினார்.

"ஆனால் இண்டைக்கு ஏன் வேலைக்குப் போனவள்?" என்று கேட்டார். நான் நான்காவது முறையாக இலக்கத்தை அழுத்தினேன்.

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் பெட்டிகள் இறக்கிக்கொண்டிருந்த மனிதரிடம் மனைவி கடதாசியிலிருந்த பெயரைக் காட்டினார். அவர் அதை வாசித்து, தன் நெஞ்சில் கைவைத்து, இவரை எனக்குத் தெரியும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். துறையின் மறுகோடியில் இருந்த வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினார். மனைவி உடனே அந்தப் பக்கம் திரும்பினார்.

"நான் நடந்து போறன்."

"உம்மால ஏலாது. கப்பல் போயிடும்."

"போனால் போகட்டும்."

அவருடைய முழங்கையைப் பிடித்தேன். பிடித்ததில் அங்கிதான் அதிகம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு நின்றுவிட்டார். ஃபோர்க்லிஃப்ட்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். வண்டியின் முன்கரங்களில் இருந்த பெட்டியை அப்படியே நிலத்தில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி, அந்தக் கட்டடத்தை நோக்கி ஓட்டினார். மனிதர் நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூடிய வேகம்தான் அந்த வண்டிக்கு.

பத்து நாற்பதுக்குக் கப்பல் ஊதியது. மாலுமி ஒருவர் மரியாதையோடு எங்களை மேலே வரச் சொன்னார். படி தூக்கப்பட்டது. கயிறு அவிழ்ந்து, கப்பலுக்கும் துறைக்கும் நடுவே நீர் தெரியத் தொடங்கியபோதுதான் வெள்ளைக் கட்டடத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். வெள்ளை மேலங்கி, தலையில் வலைத்தொப்பி, முழங்கால் வரை இறப்பர்ச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தோடு அவ்வளவு வேகமாக ஓடிய அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. துறையின் விளிம்பில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். அப்போது இடைவெளி பத்து மீற்றர் இருக்கும்.

"அடுத்த துறைக்கு வாறன். நில்லு," என்று அவர் கூவியது கேட்டது.

"நில்லெண்டு எனக்குச் சொல்றாளோ, கப்பலுக்குச் சொல்றாளோ?" என்று மனைவி சிரித்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த உருவம் புள்ளியாகும் வரை மறுகையில் கலண்டரை உயர்த்திப் பிடித்திருந்தார்.

கப்பல் குடாநாடு ஒன்றைச் சுற்றிப் போக வேண்டும். தரைவழியே மரமில்லாத மேட்டுநிலத்தைக் கடந்தால் காரில் இரண்டரை மணித்தியாலம். நாங்கள் அடுத்த துறைமுகத்தை அடைந்தபோது தோழி எங்களுக்கு முன்பே வந்து நின்றார். மேலங்கியும் சப்பாத்தும் அப்படியே இருந்தன. வலைத்தொப்பியை மட்டும் கழற்றியிருந்தார்.

"கிட்ட வராதையடி, மீன் மணக்கும்."

"நாப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு உனக்கு மணம் ஒரு கேடோ?"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதின்மூன்று நிமிடங்கள் இருந்தன.

"இதென்னடி, இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

"கனடாவில மெலியிறதுக்குக் காசு கட்டுறாங்கள். நான் சும்மா மெலிஞ்சன்."

"இப்பவும் நித்திரையில கதைக்கிறனியோ?"

"அதை இவரைக் கேள்."

தோழி என்னைப் பார்த்து, "கதைக்கிறவவோ, அண்ணை?" என்றார். ஓம் என்றேன். இருவரும் மீண்டும் சிரித்தார்கள்.

காற்று பலமாக இருந்தது. கலண்டரை விரித்தபோது ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டியிருந்தது. தோழி செப்டெம்பர்த் தாளைத் தேடி, விரலை வைத்தார்.

"வீட்டில ஒரு தேத்தண்ணியாவது குடிச்சிருக்கலாம். எல்லாம் ஒழுங்கு செய்து வைச்சிருந்தன். நாளைக்கு எண்டெல்லோ..." என்று தொடங்கியவர் தலையை நிமிர்த்தினார். அவருடைய பார்வை மனைவியைத் தாண்டி என் முகத்தில் விழுந்தது. என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் மீண்டும் கலண்டரைப் பார்த்தார்.

"நான்தான் மாறிப்போட்டன், அடி. பதினைஞ்சு எண்டு எழுதி ஃபிரிட்ஜில ஒட்டிப்போட்டு, நாளைக்கு லீவும் எடுத்து வைச்சிருக்கிறன். வயசு போட்டுது," என்றார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். மூன்று சொற்கள் போதும். கப்பல் ஊதியது.

இறங்குபடியின் அருகே தோழி என் கையைப் பற்றி, "அவவை வடிவாப் பார்த்துக்கொள்ளுங்கோ, அண்ணை," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "திகதியை விடுங்கோ," என்றார்.

அன்று மாலை ஐந்து மணியளவில் கப்பலின் முன்மண்டபத்தில் அமர்ந்திருந்தோம். வெளியே மரம் இல்லாத கரும்பாறைகள், அவற்றின் அடியில் மஞ்சள் வெளிச்சம். மனைவி இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணி வார்த்து, ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"பள்ளிக்கூடத்தில எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான்," என்றார். "திகதி மாறிப்போடுற ஆளில்லை."

நான் யன்னலைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். நீண்ட நேரம் என்று தோன்றியது. அதை நான் அளக்கவில்லை.

"ஆறப்போகுது, குடியுங்கோ," என்றார்.

பேசுவதற்கு அவர் எனக்குக் கொடுத்த இடம் அது. நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பின், வந்தவர் போனவர் எல்லாரிடமும் இந்தக் கதையை அவர் சொன்னார். தோழி சப்பாத்தோடு ஓடியதை எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். ஏன் தோழி நேரத்துக்கு வரவில்லை என்று யாராவது கேட்டால், "ஏதோ திகதி மாறுபட்டுப் போச்சு," என்று சொல்லிக் கதையை மேலே கொண்டுபோவார். ஒரு தடவைகூட அவள் மாறிவிட்டாள் என்று சொல்லவில்லை. ஒரு தடவைகூட அந்த இடத்தில் என் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த தை மாதம் வோபர்ன் கடையில் இரண்டு கலண்டர் கேட்டு வாங்கி, ஒன்றைத் தன் கையாலேயே முகவரி எழுதி நோர்வேக்கு அனுப்பினார். மே மாதத்தில் காலமானார். அதற்கு முன் வைத்தியசாலையில் பதினேழு நாட்கள் அவருடைய கட்டிலருகில் இருந்தேன். நேரம் இருந்தது. பல முறை தொடங்கும் எண்ணத்தோடு நாற்காலியை நெருக்கி இழுத்திருக்கிறேன். அவர் கண்ணைத் திறந்து, "என்ன?" என்பார். தலையணையைச் சரிசெய்துவிட்டு, ஒன்றுமில்லை என்பேன்.

செய்தி அறிந்த அன்று தோழி தொலைபேசியில் அழைத்தார். சிறிது நேரம் அழுதார். பிறகு, "சாப்பிட்டியளோ, அண்ணை?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதுவும் உண்மையல்ல.

இந்த ஆண்டு தை மாதம் அதே கடைக்குப் போனேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் இரண்டு கலண்டர்களைச் சுருட்டி என் பையில் வைத்தார். "அக்கா எப்பவும் ரெண்டு கேக்கிறவ," என்றார். ஒன்றைச் சமையலறையில் மாட்டினேன். மற்றது முகவரி எழுதாத அட்டைக் குழாய்க்குள், வாசல் கதவுக்கருகே பத்து மாதமாக நிற்கிறது. வெறும் கலண்டரை மட்டும் அனுப்ப முடியாது. கூட ஒரு கடிதம் வைக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் முதல் வரி எனக்கு இன்னும் வரவில்லை. வெளியே வீதியோர மேப்பிள் மரங்கள் இலைகளை உதிர்த்து முடித்துவிட்டன.

வாழ்நாள் முழுவதும் துல்லியத்தை நேர்மை என்று எண்ணி வந்தவன் நான்; மீன் வெட்டும் மேசையிலிருந்து ஓடி வந்த ஒருவர், என் பிழையைத் தன்னுடையது என்று சொல்லி, இரண்டும் ஒன்றல்ல என்பதை எனக்குக் காட்டினார். என் மனைவி அந்தப் பிழையை அறிந்தே எனக்காகக் காத்திருந்தார் என்பதை நினைக்காத மாலை இன்றுவரை இல்லை.

இன்னும் செய்யாதவை கீழே. இனிச் செய்ய முடியாததை இதில் சேர்க்கவில்லை.

1. பதினொராம் திகதிக்கு எதிரே, யாருக்கு, எதற்கு என்று எழுதுதல்.
2. திருத்தத்தைப் பிந்திப் பார்த்ததற்குத் தோழியின் மகள் மன்னிப்புக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில். பிழை அவருடையது அல்ல.
3. தோழிக்குக் கடிதம். முதல் வரி: "திகதியை மாற்றி எழுதியது நான்."
4. கலண்டரை அனுப்புதல். இரண்டு தாள்கள்தான் மிச்சம். கந்தசஷ்டியும் திருவெம்பாவையும் அவற்றுக்குள்தான் வருகின்றன.
5. துறைமேடையிலிருந்து மூன்று நிமிட நடையில் உள்ள அந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி.